கூன் விழுந்த திமிங்கிலம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? உன் இருமல் நின்றதா?

வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருந்தாய். பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. அருங்காட்சியகத்தின் பின்கட்டில் ஒரு கிடங்கு. அதில் நாற்பத்திரண்டு மரப்பெட்டிகள். என்றோ கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள் மொத்தமும் அவற்றில் இருக்கின்றன. தாடை எலும்பு மட்டும் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் சுவரோரம் கிடக்கிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் பக்கத்தில் படுத்து அளந்தேன். என்னைப் போல மூன்று ஆள் நீளம். வெறும் தாடைக்கே இந்த நீளம், அக்கா. எழுந்து நின்றபோது கால் நடுங்கியது. பயத்தால் இல்லை.

ஜூனில் புதுக்கூடம் திறக்கிறார்கள். அதற்குள் இதைக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். பிரிவு அதிகாரி என்னிடம், "முதுகெலும்பெல்லாம் தூசி தட்டி வை" என்று சொல்லிவிட்டு ஒரு மாத விடுப்பில் போனார். மொத்தம் ஐம்பத்தெட்டுத் துண்டுகள். தட்டினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை. போர்டு எழுதிப் பிழைத்த காலத்துப் பழக்கம், பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஐம்பத்தெட்டையும் துடைத்து முடித்துவிட்டுத் துணியைப் பார்த்தால், துணியெல்லாம் மை.

எது முதல், எது அடுத்தது என்று ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் எண் எழுதி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. வேறு குறிப்பேடு கிடையாது. அது கடலில் பிறந்த நாளிலிருந்து குலையாமல் இருந்த வரிசையை நான் ஒரே மத்தியானத்தில் அழித்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் நீ. என்ன செய்யட்டும்?

கலக்கத்துடன்,
உன் தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முழங்காலை மறந்து சிரித்தார். என் இருமல் நின்றுவிட்டது. என்னைக் கண்டால் ஆபீஸில் மற்றவர்கள் இருமுவதுதான் நிற்கவில்லை.

முதலில், ஓடாதே. ஆபீஸில் ஓடுகிறவன்தான் குற்றவாளி. கையில் ஏதாவது ஒரு காகிதத்தோடு நட. காகிதத்தோடு போகிறவனை யாரும் நிறுத்துவதில்லை. மீறி யாராவது கேட்டால் பதில் சொல்லாதே, "எதைக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேள். பாதிப் பேருக்கு என்ன கேட்டோம் என்பதே மறந்துபோகும். மீதிப் பேருக்கு "அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொன்னால் போதும். எங்கள் அலுவலகம் நான் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது.

போன வருஷம் பெரிய அதிகாரி ஓய்வு பெற்றபோது வாழ்த்துமடலில் 'பணி நிறைவு' என்பது 'பிணி நிறைவு' என்று அச்சாகிவிட்டது. இருநூறு பிரதி. திருத்திப் பார்த்தவள் நான்தான். மேடையில் ஏறி, "முப்பது வருஷத்துப் பிணி இன்னிக்குத் தீருதுன்னு அன்போட சொல்லியிருக்கோம்" என்றேன். மனிதர் கண் கலங்கிக் கைதட்டினார். இவ்வளவுதான் விஷயம். தப்பு என்பது யாராவது தப்பு என்று சொல்லும்வரை தப்பே இல்லை.

பாத்திரக் கடையில் குண்டான்களை அடுக்குவதில்லையா? பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக வை. நீயே எண் போடு. உன் கையெழுத்துத்தான் அச்சு மாதிரி இருக்குமே.

இங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளிக்கான விண்ணப்பங்கள் குவிகின்றன. நானும் எங்கள் தட்டச்சுப் பெண்ணும் காகிதத்துக்குள் முங்கிக் கிடக்கிறோம். அவள் நல்ல பெண். என் கண்ணாடியை ஒரு நாளைக்கு மூன்று தடவை தேடித் தருகிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். தலைப்பக்கமும் வால்பக்கமும் சுலபமாக அமைந்தன. நடுவில் இருபது துண்டுகள் கூடப்பிறந்தவை மாதிரி ஒரே உருவம். கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டேன். பிரிவு அதிகாரி விடுப்பிலிருந்து வந்தார், பார்த்தார், "சுத்தமா வச்சிருக்கியே" என்றார். நான் கையில் காகிதத்தோடு நின்றேன்.

நேற்றுத் துடுப்புப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு கை இருக்கிறது, அக்கா. மணிக்கட்டு, விரல், விரலுக்குக் கணு. வெளியே துடுப்பு, உள்ளே நம் கை. என் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். யானைமேல் எறும்பு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விரலுக்கு நேர் விரல் வந்தது. வெகுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

இரும்புக் கம்பியில் முதுகெலும்பைக் கோக்க வெல்டர் அண்ணன் வந்திருக்கிறார். இரும்போடு பழகிப் பழகி மனுஷப் பேச்சை மறந்தவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.

உங்கள் விண்ணப்ப வேலை முடிந்ததா?

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பார்த்தாயா, நான் சொன்னது பலித்தது. இனி அந்த இருபதைப் பற்றி வாயைத் திறக்காதே. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனைப் போல முட்டாள் கிடையாது.

விண்ணப்ப வேலை முடிந்தது. தட்டச்சுப் பெண் இப்போது வருவதில்லை. ஏதோ ஒரு காகிதம் காணாமல் போனதாம். அது கிடக்கட்டும். நான் சரியாகத் தூங்குவதில்லை என்று அத்தான் சொல்கிறார். புழுக்கம்தான், வேறென்ன.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தூக்கம் எப்படி இருக்கிறது? என்னுடையது போய்விட்டது.

போன வாரம் கோத்து முடித்துக் கப்பிச் சங்கிலியில் தூக்கினோம். நடு முதுகில் இந்தப் பெரிய கூன். ஒட்டகம் கடலில் விழுந்த மாதிரி இருந்தது. பிரிவு அதிகாரி வெல்டர் அண்ணனைத் திட்டினார். அவர் நிதானமாகக் கம்பியை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்பி நேராத்தான் இருக்கு. எலும்புதான் கூனுது." அன்றைக்கு நாலு வார்த்தைக்குமேல் பேசிவிட்டார்.

இயக்குநர் வந்தார். கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலை சுற்றி நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர் கண்கள் விரிந்தன. "இது பிறவிக்கூன்! இவ்வளவு பெரிய கூனோட ஒரு திமிங்கிலம் இத்தனை வருஷம் உயிர் வாழ்ந்திருக்கு!" என்றார். மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். 'வலியோடு நீந்திய வல்லமை' என்று போர்டு வைக்கச் சொன்னார். எழுதியவன் யார் தெரியுமா? நான்தான். அச்சு மாதிரிக் கையெழுத்து.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் சிரிக்காதே. கூடம் திறக்கும் முன்பே பார்வையாளரை அனுமதித்தார்கள். நேற்று ஒரு அம்மா வந்தார். முதுகு வளைந்து, தரையைப் பார்த்தபடியே நடக்கிறவர். தலையைத் தூக்க முடியாததால் பெஞ்சில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்தார். ஒரு மணி நேரம். போகும்போது என்னிடம், "இந்தக் கூனை வச்சுக்கிட்டு கடல் முழுக்கச் சுத்தியிருக்கேப்பா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

இன்னொன்று. கூன் இருப்பதால் விலா எலும்புகள் பொருந்தவில்லை. முதுகெலும்பின் பக்கவாட்டு முனைகளை அறுத்துப் பொருத்துவதாக முடிவு. ஏப்ரல் மூன்றாம் தேதி அறுக்கிறார்கள். அறுத்துவிட்டால் அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது.

சீக்கிரம் எழுது.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நலம். இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்ட பொய் உன் பொய் இல்லை, அது அலுவலகச் சொத்து. அந்த அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்தது, பத்திரிகைக்குச் செய்தி கிடைத்தது. யாருக்கு என்ன நஷ்டம்? செத்த எலும்பு வலிக்கிறது என்று சொல்லப்போகிறதா?

நீ இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தட்டச்சுப் பெண்ணின் நாற்காலியில் வேறொருத்தி வந்துவிட்டாள். அவளைப் பற்றிக் கேட்டு எழுதாதே.

அத்தானுக்கு முழங்கால் அப்படியேதான்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

என்மேல் கோபப்படாதே. சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தேதி காலை வெல்டர் அண்ணன் அறுவை இயந்திரத்தை எலும்பின்மேல் வைத்தார். அது சுழலத் தொடங்கும் முன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவருக்கும் மனசில்லை. "நிறுத்துங்கண்ணே" என்று கத்தினேன். கூடம் முழுக்க எதிரொலித்தது. பிரிவு அதிகாரி, "என்னடா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். "தின்னரா? தின்னர் போட்டா துடைச்சே?" என்று அதையே ஆறு தடவை கேட்டார்.

இயக்குநர் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கும் எங்க அக்காவுக்கும் சார்."

"அக்கா எங்க வேலை பாக்கறாங்க?"

"ஒரு ஆபீஸ்ல சார். இருபத்திரண்டு வருஷமா."

"ம். அப்ப அவங்க சொல்லித்தான் நம்பர் போட்டிருப்பே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ஊரெல்லாம் கூன்னு சொன்னவன் நான். நீ ஒரு தடவை தப்பா அடுக்கினே, நான் பத்துப் பத்திரிகைக்குச் சொன்னேன். போ. கழட்டு. கழட்டினவனே சேர்க்கணும்" என்றார்.

கூடத்துத் தரையில் மணல் பரப்பி ஐம்பத்தெட்டையும் வைத்திருக்கிறோம். அக்கா, இவை குண்டான்கள் இல்லை. அளவு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துத் தள்ளிப் பார்த்தால் ஆடும், நழுவும், முனை முனையை இடிக்கும். முப்பது எலும்பு வேண்டாம் என்று சொல்லும். முப்பத்தோராவது வந்து உட்காரும். சத்தம்கூடக் கேட்காது, மணிக்கட்டில்தான் தெரியும். பள்ளத்துக்குள் மேடு. நரம்பு போன துளைக்கு நேராகத் துளை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்றுதான், பின்னால் ஒன்றுதான். இந்த உலகத்தில் வேறெதுவும் சேராது. முதல் ஜோடி சேர்ந்தபோது வெல்டர் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். பெருக்குகிறவர், வாயில் காவலர், ஏன், இயக்குநரே மத்தியானத்தில் வந்து மணலில் உட்கார்ந்து பார்க்கிறார்.

இதுவரை பதினேழு சேர்ந்திருக்கின்றன. வேலை போகுமா என்று தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

உன் தம்பி


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபமா, உடம்பா? அத்தானாவது இரண்டு வரி எழுதக்கூடாதா?

முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டாவது எலும்புக்குத் தேட வேண்டிய இடமே இல்லை, ஒரே ஒரு இடம்தான் காத்திருந்தது. நேற்றுத் தூக்கினோம். கப்பிச் சங்கிலி கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான். மணலிலிருந்து மெல்ல எழும்பியது. கழுத்திலிருந்து வால்வரை ஒரே கோடு, கரும்பலகையில் ஒரே வீச்சில் இழுத்த மாதிரி. விலா எலும்புகள் தாமாகவே போய் உட்கார்ந்தன. மேல் ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோது முழு உடம்பும் ஒரு விரற்கடை அசைந்தது. நாங்கள் பதினான்கு பேர் கீழே நின்றோம். பிரிவு அதிகாரி என் தோளில் கை வைத்திருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. தின்னர் டப்பாவைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இன்று அந்த அம்மா மறுபடி வந்தார். அவர் பெஞ்சில் படுக்கும் முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். "அம்மா, அதுக்குக் கூன் கிடையாது. நான் தப்பா அடுக்கிட்டேன்." படுத்தார், பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப அதுக்கு வலிக்கலையா?" என்றார். "இல்லம்மா." "நல்லவேளை" என்றார். "ராத்திரியெல்லாம் அதை நினைச்சு வருத்தப்பட்டேன்ப்பா." அப்புறமும் எழுந்திருக்கவில்லை. முன்பைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுது, அக்கா.

உன் தம்பி


ஜூன் 2

என் அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மேல் கோபமும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி கடைசியில் என் கோந்து பாட்டில் கசிந்தது. கையில் கிடைத்த காகிதத்தை அதன் அடியில் வைத்தேன். பாட்டிலோடு அதையும் சேர்த்து இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். அது ஒரு பெண்ணின் விண்ணப்பம். அவளைத் தேர்வுக்கு அழைக்கவே இல்லை. அவள் அப்பா ரசீதோடு வந்து கேட்டபோது, காகிதத்தைக் காணோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, நிராகரித்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். விண்ணப்பத்தை வாங்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் தட்டச்சுப் பெண். "நான் மேடம் கிட்ட கொடுத்தேன்" என்று என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். "எதைக் கேக்கறே?" என்றேன். அன்றே அவளுக்கு வேலை போயிற்று. இரண்டு நாள் கழித்து இழுப்பறையின் அடியில் ஒட்டிக் கிடந்ததைக் கண்டெடுத்தேன். அதற்கப்புறமும் சொல்லவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் என்னோடு நானே சண்டை போட்டேன். உன் மே மாதக் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது, அணைக்கவில்லை. அத்தான் வந்து அணைத்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எழுதியே கொடுத்தேன். என்னைப் பிரிவுத் தலைமையிலிருந்து இறக்கிப் பழைய பதிவறைக்கு அனுப்பிவிட்டார்கள். தட்டச்சுப் பெண்ணை வேலைக்குத் திரும்ப அழைக்கும் உத்தரவை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "உள்ளே வாங்க மேடம்" என்றாள். "தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்." நான்கு மாதம், தம்பி. என்னைப் பற்றி எனக்கே இல்லாத நம்பிக்கை அவளுக்கு இருந்திருக்கிறது. நீ அந்தத் தாடைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்ததை எழுதியிருந்தாயே, அப்படித்தான் எனக்கும் கால் நடுங்கியது.

விண்ணப்பம் போட்ட பெண்ணுக்கு அடுத்த மாதம் தனியாகத் தேர்வு வைக்கிறார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சுப் பெண்தான் அடித்தாள், வேறு யாரையும் அடிக்க விடவில்லை. தபாலில் போட எனக்கு மனமில்லை. நானே போகிறேன்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயசில்லை, யோக்கியதையும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தாயா? அதை மட்டும் உடனே எழுது.

பதிவறையில் தூசி இருக்கும். இருமலைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். இருமல் இல்லை. தூக்கம் வருகிறது.

பார்த்தேன். வீட்டில் கேட்டதற்குச் செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். கடைக்குப் போனேன். கூட்டம். அவள் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெரியவர் காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், காதோரம் பென்சில். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "என்ன சைஸ்மா?" என்று கேட்டாள். நான் கடிதத்தை நீட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "உன் விண்ணப்பத்தை நான்தாம்மா தொலைச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள். முகத்தில் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப என்னை வேணாம்னு யாரும் சொல்லலையா?" என்றாள்.

"யாரும் சொல்லலம்மா. உன்னை யாரும் பார்க்கவே இல்ல."

"எங்கப்பா சொன்னாரே, தள்ளிட்டாங்கன்னு."

"அது பொய். நாங்க சொன்ன பொய்."

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிலும் திறந்த பெட்டிகள், ஒற்றை ஒற்றைச் செருப்புகள், பில்லுக்குக் கத்துகிற ஆட்கள். "நாலு மாசமா எங்கிட்ட என்ன குறைன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொன்னாள். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அப்புறம் ஷூ போட்டபடி காத்திருந்த பெரியவரைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார்" என்றாள். எழுந்து, கடையின் நட்டநடுவில் நின்று, இரண்டு கைகளாலும் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாத பெரிய சிரிப்பு. கடையில் இருந்த அத்தனை பேரும், என்ன ஏது என்று தெரியாமலே, கையில் செருப்போடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா